வெங்காய லாரி

கோழிகள் நோய் கண்டு கூண்டோடு செத்து ஒழிந்து ஒரு வருஷத்துக்கு மேலாகியும் அந்தக் கொட்டகையை விட்டு நாற்றம் போகவில்லை. தரையில் கெட்டிப்பட்டுக் கிடந்த எச்சத்தை ஆண்கள் மண்வெட்டியால் செதுக்கி எடுத்தார்கள். பெண்கள் முகாமின் குழாயடியிலிருந்து தண்ணீர் சுமந்து வந்து ஊற்றிக் கட்டை விளக்குமாற்றால் தேய்த்தார்கள். சுண்ணாம்பும் அடித்தார்கள். சுண்ணாம்பின் ஈரம் காய்ந்த மறுநாளே, கோபித்துக்கொண்டு போன உறவுக்காரன் போல நாற்றம் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது.

“மூக்குக்குத்தான் கஷ்டம். மூளைக்கு ஒண்ணும் ஆகாது” என்றாள் டீச்சர்.

அவள் வெல்டரின் மனைவி. எல்லைக்கு அந்தப் பக்கம், சொந்த ஊரில், உயர்நிலைப் பள்ளியில் கணக்கு நடத்தியவள். சண்டை தெருவுக்குள் வந்த நாளில் கரும்பலகையில் பாதிக் கணக்கை அப்படியே விட்டுவிட்டு வந்தவள். இந்தப் பக்கம் வந்ததும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தின் படியேறினாள். காகிதம் இல்லாத பிள்ளையை எந்த வகுப்பில் உட்கார வைப்பது என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். முகாமில் மாவு கொடுத்தார்கள், பருப்பு கொடுத்தார்கள், தார்ப்பாய் கொடுத்தார்கள். பள்ளிக்கூடம் கொடுப்பதாக யாரும் சொல்லவில்லை. சரி, நாமே வைத்துக்கொள்வோம் என்று அவள் சொன்னபோது முகாமே சிரித்தது. படுக்க இடமில்லையாம், பஞ்சு மெத்தை கேட்கிறாளாம் என்றார்கள். சிரித்தவர்கள்தான் பிறகு மண்வெட்டியோடும் வந்து நின்றார்கள்.

கொட்டகை கிடைத்தது அவள் தம்பியால். அவனை எல்லாரும் மேஸ்திரி என்பார்கள். இவர்களுக்குச் சில வருஷம் முன்பே எல்லை தாண்டி வந்தவன். இந்தப் பக்கத்துப் பாஷையைக் கற்றுக்கொண்டு, வெங்காயக் காடுகளுக்கு ஆள் கூட்டிப் போகும் வேலையைப் பிடித்துக்கொண்டான். சொந்தமாக ஒரு பழைய லாரியும் இருந்தது. அக்காவும் அத்தானும் அவர்கள் மகளும் உடுத்திய துணியோடு வந்து சேர்ந்தபோது, தன் கூடாரத்தைக் கொடுத்துவிட்டு லாரிக்கு அடியில் படுத்தவன். நிலத்துக்குச் சொந்தக்காரரான காட்டுக்காரரிடம் அவனுக்குச் செல்வாக்கு உண்டு. பாழாய்க் கிடந்த கோழிக் கொட்டகையைக் கேட்டு வாங்கி, “இந்தாக்கா, உன் பள்ளிக்கூடம்” என்று சாவியைக் கொடுத்தவனும் அவன்தான்.

உட்காரப் பலகை வேண்டுமே என்று வந்தபோது வெல்டருக்கு வேலை வந்தது. கொட்டகைக்குப் பின்னால் கோழிக் கூண்டுகள் துருப்பிடித்துக் குவிந்து கிடந்தன. கம்பியை நிமிர்த்தி, சட்டத்தை அறுத்து, கால் வைத்து, மேலே பலகை போட்டால் பெஞ்சு. இந்தப் பக்கம் வந்த புதிதில் டவுனில் ஒரு கட்டடத்துக்குத் திருட்டுத்தனமாகக் கூரை வேலைக்குப் போய், சாரத்திலிருந்து விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டவன் அவன். வேலைக்கு வைத்தவன் அவனை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டுப் போனதோடு சரி. எலும்பு கோணலாகக் கூடியது. குழாய் ஒன்றை ஊன்றிக்கொண்டுதான் நடை. வீட்டில் உட்கார்ந்து பருப்பு வேக வைப்பதும் மாவு பிசைவதுமாக இருந்தவன், இரவல் வாங்கிய வெல்டிங் மிஷினின் ஒயரைப் பம்பு செட்டில் கொடுத்து, கறுப்புக் கண்ணாடியை முகத்துக்குப் பிடித்து முதல் பொறியைக் கிளப்பியபோது, கண்ணாடிக்குப் பின்னால் அவன் அழுதது யாருக்கும் தெரியவில்லை. பிள்ளைகள் கூட்டமாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். “பாக்காதீங்கடா, கண்ணு அவிஞ்சுபோகும்” என்று அவன் விரட்ட விரட்ட, விரல் இடுக்கு வழியாகப் பார்த்தார்கள்.

பள்ளிக்கூடம் ஓட ஆரம்பித்தது. ஆனால் ஒரு நாள் பெஞ்சு கொள்ளாமல் பிள்ளைகள், ஒரு நாள் ஈ ஓட்ட வேண்டிய நிலை. எல்லாம் லாரியைப் பொறுத்தது. காட்டில் பெரியவர்கள் வேலை செய்து பிடிபட்டால் முகாமை விட்டே துரத்திவிடுவார்கள். சின்னப் பிள்ளைகளை யாரும் எதுவும் கேட்பதில்லை. வெங்காயம் பிடுங்க, தாள் அறுக்க, மூட்டை கட்டச் சின்னக் கைதான் வேகம் என்று காட்டுக்காரர்களும் பழகிவிட்டார்கள். அதனால் விடியற்காலையில் முகாம் வாசலில் லாரி வந்து நின்று ஹாரன் அடித்தால், கூடாரம் கூடாரமாகப் பிள்ளைகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து ஏறும்.

டீச்சர் கூடாரம் கூடாரமாகப் போனாள். வெல்டரும் சில நாள் குழாயை ஊன்றிக்கொண்டு கூடப் போவான். அவளுடைய குரல் வகுப்பில் மாதிரி இராது. தணிந்து, கெஞ்சுகிற குரல். வாரத்தில் பாதி நாளாவது அனுப்புங்கள் என்பாள். பெரியவளை அனுப்பாவிட்டாலும் சின்னவளை அனுப்புங்கள் என்பாள். சிலர் தலையாட்டுவார்கள். சிலர் டீ கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

மாவு மில்காரர் டீயும் கொடுத்தார், பதிலும் கொடுத்தார். சொந்த ஊரில் மில் வைத்திருந்த மனுஷர். இன்றும் முகாமில் வாங்கும் மாவை விரலால் தேய்த்துப் பார்த்து, முகத்தைச் சுளித்துவிட்டுத்தான் பாத்திரத்தில் கொட்டுவார். மனைவி எல்லை தாண்டி வரும் வழியிலேயே செத்துப்போய்விட்டாள். இரண்டு பெண்கள். பெரியவள் கேட்டால்தான் பேசுவாள். சின்னவளுக்கு வாயாடி என்று பெயர். வகுப்புக்கு வந்த சில நாளிலும் டீச்சர் கணக்கைச் சொல்லி முடிக்கும் முன்பே எழுந்து நின்று விடையைக் கத்துவாள். பாதி நேரம் தப்பாக இருக்கும். உட்காரு என்றாலும் உட்கார மாட்டாள்.

“டீச்சர், நீங்க சொல்றதெல்லாம் நியாயம்தான்” என்றார் மில்காரர். “ஆனா ஒண்ணு கேக்குறேன், தப்பா எடுத்துக்காதீங்க. காலைல லாரி வந்தா முதல் ஆளா நிக்கிறது உங்க பொண்ணு. உங்க பொண்ணு வயத்துக்காகப் போகுது, எங்க பொண்ணு மட்டும் படிக்கணுமா? ஊருக்குத்தான் உபதேசமா?”

டீச்சர் டம்ளரைக் கீழே வைத்தாள். எழுந்து வெளியே வந்தாள். வெல்டர் குழாயை ஊன்றிக்கொண்டு பின்னால் வந்தான். அவன் விழுந்த நாளிலிருந்து வீட்டில் அடுப்பு எரிவது மகளால்தான். பதினாறு வயசு. அந்தப் பக்கத்தில் வகுப்பில் முதலாவதாக வந்தவள். கொஞ்ச நாளைக்குத்தான், அப்பா எழுந்து நடக்கும்வரைதான் என்று ஆரம்பித்தது. அப்பா எழுந்து நடந்தும் ஆயிற்று. நடந்தாரே ஒழிய வேலைக்கு ஆகவில்லை.

அன்றைக்கு மகள் காட்டிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தாள். எவ்வளவு கழுவினாலும் விரல் இடுக்கில் கறுப்பு போகாது. அம்மா அவள் பக்கத்தில் போய் நின்று, நாளையிலிருந்து போக வேண்டாம் என்றாள். மகள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“அப்புறம் சாப்பாட்டுக்கு?”

“பாத்துக்கலாம்.”

“நீங்க பாத்துக்கலாம்னு சொன்ன எதையும் யாரும் பாத்துக்கலம்மா. நான்தான் பாத்துக்கிட்டேன்.”

வெல்டர் அடுப்பைக் கிளறுவது போலக் குனிந்துகொண்டான். அம்மா மகளுக்குத் துடைக்கத் துணி எடுத்துக் கொடுத்தாள். பிறகு, தன்னால் இனி ஒரு கூடாரத்துக்குள்ளும் நுழைந்து பேச முடியாது என்றும், மகள் லாரியில் ஏறிக்கொண்டிருக்கும்வரை தன் பள்ளிக்கூடம் பொய் என்றும் சொன்னாள். மகள் துணியில் கையைத் துடைத்தாள். சந்தோஷப்பட்டாளா கோபப்பட்டாளா என்று வெல்டருக்கு விளங்கவில்லை. மறுநாள் லாரி ஹாரன் அடித்தபோது அவள் எழுந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டாள்.

அந்தச் சேதி முகாம் முழுக்கப் பரவியது. டீச்சர் மகளே லாரியை விட்டு இறங்கிவிட்டாள் என்றதும் மற்றவர்களுக்கும் ஒரு தைரியம். மில்காரர் இரண்டு பெண்களையும் தலை சீவிக் கூட்டி வந்து விட்டுப் போனார். பிள்ளை அனுப்புகிற ஒவ்வொரு வீட்டிலிருந்தும் டீச்சர் வீட்டுக்கு ஒரு பிடி மாவு வந்தது. கேட்டு வாங்கியதல்ல. பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டு, குழாயடிக்கு வரும்போது கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். வெல்டர் அந்த மாவைப் பிசையும்போது, பல வீட்டு மாவு ஒன்றாகச் சேர்ந்து ரொட்டி ஒழுங்காக உப்பவில்லை. உப்பாத அந்த ரொட்டியைத்தான் மூவரும் ருசித்துச் சாப்பிட்டார்கள்.

லாரியில் ஆள் குறைந்தது. மேஸ்திரி அக்கா வீட்டுக்கு வந்தான். வந்தவன் அக்காவிடம் பேசவில்லை. அத்தானிடம் உட்கார்ந்தான். அறுவடை உச்சத்தில் இருக்கிறது, காட்டுக்காரர் நெருக்குகிறார், அடுத்த முகாமிலிருந்து ஆள் ஏற்றினால்தான் கட்டும் என்றான். ஒரே நடையில் எல்லாரையும் கொண்டுபோக வேண்டும்.

“அதனால லாரில ஒரு மேல்தட்டு போடணும் அத்தான். கீழ பாதிப் பேரு, மேல பாதிப் பேரு. ஆங்கிள் இரும்பு நான் வாங்கித் தரேன். நீங்க பத்த வெச்சுக் கொடுத்தா போதும். வெளியாள்கிட்ட போக எனக்கு மனசில்ல.”

வெல்டர் மனசு உடனே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. எத்தனை கால், எங்கே குறுக்குச் சட்டம், லாரிச் சட்டத்தோடு எங்கே பிடிக்க வேண்டும் என்று கண்ணுக்குள் தெரிந்தது. சரி என்று சொல்ல வாயெடுத்தான். டீச்சர் உள்ளேயிருந்து வந்தாள்.

“மூட்டையை அடுக்குற மாதிரிப் பிள்ளைங்களை ரெண்டு அடுக்கா அடுக்கப் போறியா? அதுக்கு இவர் கையைக் கேக்குறியா?”

“அக்கா, நான் ஏத்தலைன்னா வேற எவனாவது ஏத்துவான். அவனுக்கு இந்தப் பிள்ளைங்க பேருகூடத் தெரியாது.”

“ஏத்தட்டும். என் வீட்டுக் கை அதுல பட வேண்டாம்.”

மேஸ்திரி அத்தானைப் பார்த்தான். அவனுடைய உப்பைத் தின்ற நாட்கள் வெல்டருக்கு மறக்கவில்லை. லாரிக்கு அடியில் மழையில் சுருண்டு படுத்திருந்த மச்சினனை அவன் பார்த்திருக்கிறான். ஆனாலும் பெண்டாட்டி முகத்தைப் பார்த்தபோது வேறு வார்த்தை வரவில்லை. முடியாது மாப்பிள்ளை, என்னை விட்டுவிடு என்றான். மேஸ்திரி கோபித்துக்கொள்ளவில்லை. கொட்டகைச் சாவியைத் திருப்பிக் கேட்கவும் இல்லை. சரி அத்தான் என்று சொல்லி எழுந்து போனான். அதுதான் வெல்டருக்கு வலித்தது.

மகள் அவனருகில் வந்து உட்கார்ந்தாள். “யாராவது செய்யத்தான் போறாங்கப்பா. நீங்க செஞ்சா ஒழுங்கா செஞ்சிருப்பீங்க” என்றாள்.

“உங்கம்மா சொல்றது நியாயம்தானே?”

“நியாயம்தான்” என்றாள் அவள். “நான் அந்த லாரில நின்னவ. அதான் சொன்னேன்.”

மேல்தட்டு டவுனில் எங்கேயோ தயாராகி, பச்சைப் பெயிண்ட் மினுங்க வந்து சேர்ந்தது. அதே நேரத்தில்தான் முகாமில் மாவு அளவைக் குறைத்தார்கள். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. எப்போது பழையபடி கொடுப்பார்கள் என்றும் சொல்லவில்லை. தாயும் பிள்ளையும் என்றாலும் வாயும் வயிறும் வேறுதான். பெஞ்சுகள் மெல்ல மெல்லக் காலியாயின. வீட்டுக்கு வந்த பிடி மாவும் சுருங்கியது. ஆனால் நிற்கவில்லை. மில்காரர் தன் பெண்களைத் திரும்ப லாரிக்கு அனுப்பிய அன்றுகூட, டீச்சர் கண்ணில் படாமல் கிண்ணத்தை வைத்துவிட்டு வேகமாகப் போனார். வெல்டர் பார்த்தும் கூப்பிடவில்லை.

தூறல் விழுந்துகொண்டிருந்த ஒரு காலை. லாரி போய்க் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். முகாம் வாசலில் யாரோ ஓடி வந்தார்கள். வாய்க்கால் பாலத்துக்கு முன்னால் ஒரு பள்ளத்தில் லாரி இறங்கி ஏறியபோது மேல்தட்டு ஒரு பக்கமாக விட்டுவிட்டது. மேலே நின்ற பிள்ளைகள் தட்டோடு கீழே நின்ற பிள்ளைகள்மேல் விழுந்தார்கள். மேஸ்திரி வைத்திருந்த டிரைவருக்கு அது தெரியவில்லை. பிள்ளைகள் எப்போதும் போலக் கத்தி விளையாடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு கொஞ்ச தூரம் ஓட்டியிருக்கிறான்.

கை ஒடிந்தவர்கள், மண்டை உடைந்தவர்கள், பல் போனவர்கள் என்று முகாமுக்குள் சுமந்து வந்தார்கள். வாயாடியை மேஸ்திரி தன் தோளில் போட்டு, ஓட்டமும் நடையுமாகக் கொண்டுவந்தான். அவள் கைகள் அவன் முதுகில் ஆடிக்கொண்டிருந்தன. சின்னவள் ஆயிற்றே, மேலே நின்றால் விழுந்துவிடுவாள் என்று அக்காக்காரிதான் தங்கையைக் கீழே நிறுத்தியிருந்தாள். அவளே மேலிருந்து தங்கைமேல் விழுந்தாள். அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

வாயாடியின் அடக்கம் முகாமுக்குப் பின்னால் முள்வேலியை ஒட்டிய இடத்தில் நடந்தது. ஈர மண். தோண்டத் தோண்டத் தண்ணீர் ஊறியது. ஒரு அதிகாரி வந்து, செத்த பிள்ளையின் பேரைக் கேட்டு, பதிவில் தேடி, அப்படி யாரும் இல்லையே என்றார். காகிதத்தில் இல்லாத பிள்ளை காகிதத்தில் இல்லாமலே போயிற்று. லாரியைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

வெல்டர் தனியாகப் போய் லாரியைப் பார்த்தான். தட்டு சாய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. விட்டுப்போன இணைப்பின்மேல் பெயிண்டை ஆணியால் சுரண்டினான். நாலு இடத்தில் மட்டும் புள்ளி புள்ளியாகப் பற்ற வைத்துவிட்டு, இணைப்பு முழுக்க வெல்டிங் ஓட்டாமல், பெயிண்டைப் பூசி மறைத்திருந்தான் எவனோ. மற்ற கால்களையும் சுரண்டினான். எல்லாம் அப்படியே. அந்த இரும்பைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றான். அவன் செய்திருந்தால் ஒரு அரை நாள் வேலை.

மேஸ்திரி அக்கா வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தான். உள்ளே வரவில்லை. அழுதான், மூக்கைச் சிந்தினான், மறுபடி அழுதான். டீச்சர் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவன் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போனாள். அவன் அதைக் குடிக்கவும் இல்லை, எடுத்து முகம் கழுவவும் இல்லை. உட்கார்ந்திருந்துவிட்டுப் போனான்.

சில நாள் லாரி வரவில்லை. பள்ளிக்கூடத்துக்கும் யாரும் வரவில்லை. பிறகு ஒரு மத்தியானம் மில்காரர் கொட்டகைக்கு வந்தார். வெல்டர் ஒரு பெஞ்சின் காலைச் சும்மா தட்டிக்கொண்டிருந்தான். எதிரில் இன்னொரு பெஞ்சில் அவர் உட்கார்ந்தார். சின்னப் பிள்ளைகளுக்குச் செய்த பெஞ்சு. அவர் முழங்கால் நெஞ்சுவரை வந்தது.

“தம்பி, நீ செஞ்சிருந்தா தாங்கியிருக்குமா?”

கோபமாகக் கேட்டிருந்தால் வெல்டர் ஏதாவது சொல்லியிருப்பான். அவர் மாவை விரலால் தேய்த்துப் பார்ப்பது போல, தெரிந்துகொள்வதற்காகக் கேட்டார்.

“தாங்கியிருக்கும்ணே.”

அவர் தலையாட்டினார். வெளியே பார்த்தார்.

“வீட்டுல மாவு இல்ல” என்றார் பிறகு. “ஒரு வீட்டுலயும் இல்ல. எல்லாரும் பேசினோம். மேஸ்திரி லாரி எடுக்க மாட்டேங்கிறான். கால்ல விழாத குறையாக் கேட்டிருக்கோம். மேல்தட்டு இருந்தாத்தான் எல்லாப் பிள்ளைக்கும் இடம். இல்லன்னா யாரை விட்டுட்டு யாரை ஏத்துறது? என் பெரியவளும் போகணும். நீ செஞ்சு கொடு தம்பி.”

“அண்ணே...”

“நீதான் செய்யணும்” என்று சொல்லிவிட்டு அவர் எழுந்தார். குட்டைப் பெஞ்சிலிருந்து எழ அவருக்குச் சிரமமாக இருந்தது. வெல்டர் கை கொடுத்தான்.

வீட்டில் சொன்னபோது டீச்சர் பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

“அப்போ நான் அன்னிக்குச் சொன்னது தப்புங்கிறீங்களா?”

“தப்புன்னு சொல்லல. நீ சொன்னது சரிதான். சரியா இருந்தும் பிள்ளை செத்துப்போச்சு.”

அவள் முறத்தைத் தள்ளி வைத்தாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். வந்த நாளிலிருந்து, அவன் விழுந்து கிடந்தபோதுகூட, அவள் அழுது அவன் பார்த்ததில்லை. தொட்டு ஆறுதல் சொல்ல வேண்டும் என்று இருந்தது. ஆனால் தானும் அழுதுவிடுவோம் என்று பேசாமல் முறத்தை இழுத்து மீதிக் கல்லைப் பொறுக்கினான். அவள் அழுது முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, “போய்ச் செய்யுங்க” என்றாள்.

மேஸ்திரி புது ஆங்கிள் வாங்கி வந்தான். பழைய தட்டை வெல்டர் அறுத்துத் தூர எறிந்தான். லாரியைப் பம்பு செட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தி, அடியில் கோணி விரித்து, முறிந்த இடுப்பை ஒரு பக்கமாகச் சாய்த்துப் படுத்தான். வெயில் இரும்பில் இறங்கித் தோளைச் சுட்டது. கால்கள் கூடுதலாக வைத்தான். ஒவ்வொரு காலையும் லாரிச் சட்டத்தோடு சுற்றிச் சுற்றிப் பற்ற வைத்தான். பக்கத்துக்குக் கைப்பிடிக் கம்பி, உட்கார இடம், குனிந்து நின்றால் தலை இடிக்காத உயரம். யாரும் கேட்காததையெல்லாம் செய்தான். பொறி சட்டைக்குள் விழுந்ததையும் பொருட்படுத்தவில்லை.

டீச்சர் வந்தாள். லாரியைச் சுற்றி வந்து ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்தாள்.

“இது புள்ளியா, முழுசா?”

“முழுசு.”

“எப்படித் தெரியும்?”

இணைப்பின்மேல் படிந்திருந்த கசடைச் சுத்தியலால் தட்டி எடுத்து, அடியில் வரி வரியாக ஓடியிருந்த வெல்டிங்கை அவன் காட்டினான். அவள் சுத்தியலை வாங்கிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாள். ஓர் இடத்தில் நின்று, இங்கே இடைவெளி இருக்கிறது என்றாள். அவன் பார்த்தான். இருக்கத்தான் இருந்தது. மறுபடி பற்ற வைத்தான். வகுப்பில் நோட்டுத் திருத்துகிறவள் போல அவள் சலிக்காமல் நின்றாள். கடைசி இணைப்பு முடிந்ததும் தம்பியைப் பார்த்து, நாளையிலிருந்து நானும் வருகிறேன் என்றாள்.

மேஸ்திரிக்குப் புரியவில்லை. “எங்கக்கா?”

“காட்டுக்கு. பிள்ளைங்க கூட. அறுக்குற நேரம் அறுக்குறேன். சாப்பாட்டு நேரத்துல நடத்துறேன். போக வர லாரில வாய்ப்பாடு சொல்லட்டும்.”

“பெரியவங்க காட்டுல பிடிபட்டா என்ன ஆகும்னு தெரியாதா? உனக்கு எதுக்குக்கா இந்த வேலை. டீச்சர் வெங்காயம் பிடுங்கப் போனா ஊர் என்ன சொல்லும்?”

“ஊர் எங்கடா இருக்கு?” என்றாள் அக்கா.

மிச்சமிருக்கும் சின்னஞ்சிறுசுகளுக்குக் கொட்டகையில் யார் என்ற கேள்வி வந்தது. மகள் முதலில் மறுத்தாள். தெரிந்ததெல்லாம் மறந்துபோயிற்று, நடத்தத் தெரியாது என்றாள். எனக்கும் வெங்காயம் அறுக்கத் தெரியாது, நீ எனக்குச் சொல்லிக்கொடு, நான் உனக்குச் சொல்லித் தருகிறேன் என்றாள் அம்மா. அன்றைக்குப் பொழுது சாயும்வரை அது நடந்தது. கத்தியை எப்படிப் பிடிப்பது, கட்டைவிரலில் துணி எப்படிச் சுற்றுவது, கண் எரிந்தால் கையால் தொடாமல் தோளில் எப்படித் துடைப்பது என்று மகள் காட்டினாள். எழுத்துத் தெரியாத பிள்ளைக்கு முதல் எழுத்தை எங்கே ஆரம்பிப்பது என்று அம்மா காட்டினாள். அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த வெல்டருக்கு, இரண்டில் எதைப் பார்த்து வருத்தப்படுவது என்று தெரியவில்லை.

விடியலில் லாரி புறப்பட்டது. டீச்சர் ஆள் அடையாளம் தெரியாதபடி, பெரிய பையன் ஒருவனின் தொப்பியைப் போட்டுக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு, கீழ்த்தட்டில், நடுவில் நின்றாள். மில்காரரின் பெரியவள் அவளுக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தங்கை போனதிலிருந்து அந்தப் பெண் யாரோடும் பேசியதில்லை. மேல்தட்டில் ஏற முதலில் எந்தப் பிள்ளையும் முன்வரவில்லை. வெல்டர் குழாயைக் கீழே போட்டுவிட்டு, கம்பியைப் பிடித்துத் தொங்கி, கோணல் இடுப்போடு மேலே ஏறி, நட்ட நடுவில் நின்று குதித்துக் காட்டினான். வலியில் அவனுக்குக் கண் இருண்டது. அதற்குப் பிறகு ஏறினார்கள்.

பகல் முழுக்க அவன் கொட்டகை வாசலில் உட்கார்ந்திருந்தான். உள்ளே மகளின் குரல் முதலில் தடுமாறியது, பிறகு அதட்டியது, பிறகு ஒரு வழியாக ஓடியது.

பொழுது இறங்கும்போது டீச்சர் வந்தாள். முகம் மண்ணும் வியர்வையுமாக இருந்தது. கண் இரண்டும் வீங்கியிருந்தன. கைகளைத் தண்ணீரில் வைத்ததும் இழுத்துக்கொண்டாள். துணியையும் மீறி விரல்கள் வெடித்திருந்தன. ரொட்டியைப் பிய்க்க முடியவில்லை. வெல்டர் தட்டை வாங்கிக்கொண்டான். பிய்த்து, பருப்பில் தோய்த்து, “வாயைத் திற” என்றான். மகள் பார்க்கிறாளே என்று அவள் கூச்சப்பட்டாள். பிறகு வாயைத் திறந்தாள்.

மெதுவாக மென்றாள். சொல்லலாமா என்று யோசிப்பது போல இருந்தாள்.

“திரும்பி வர்றப்ப வாய்ப்பாடு கேட்டேன். எட்டு ஏழு எவ்வளவுன்னு. யாரும் சொல்லல. எல்லாருக்கும் அசதி. பெரியவ சொன்னா. அம்பத்தாறுன்னு.”

“பேசிட்டாளா?”

“பேசிட்டா.” டீச்சர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “சொல்லிட்டுச் சுத்திலும் பாத்தா. அப்புறம் என்கிட்ட சொன்னா, ‘வாயாடி இருந்திருந்தா எனக்கு முன்னாடியே கத்தியிருப்பா டீச்சர், தப்பா’ன்னு.”

வெல்டர் ரொட்டியில் இன்னொரு துண்டைப் பிய்த்தான்.

“நீ என்ன சொன்ன?”

“எட்டு எட்டு கேட்டேன்” என்றாள் அவள்.

அவன் அடுத்த துண்டைப் பருப்பில் தோய்த்து அவள் வாயருகில் கொண்டுபோனான்.